வேண்டாம் என்று சொல்ல உங்கள் கடையில் யார் இருக்கிறார்கள்?

கேள்வி:

ஐயா, அப்பா தண்டையார்பேட்டையில் முப்பது வருடமாக டிராவல்ஸ் நடத்துகிறார். ஒரு மட்டாடோர் வேனில் ஆரம்பித்த தொழில். இப்போது நான்கு டெம்போ டிராவலர், ஒரு மினி பஸ், இரண்டு கார் ஓடுகின்றன, எட்டு டிரைவர்கள். கடையிலேயே ரயில், பஸ் டிக்கெட்டும் எடுத்துத் தருகிறோம். போன வருடம் அப்பாவுக்கு பைபாஸ் ஆனதால், மகள் நான், ஓ.எம்.ஆர். வேலையை விட்டுவிட்டு கடைக்கு வந்தேன். வசூலும் வண்டி சர்வீஸும் சித்தப்பா பொறுப்பு. டிரைவர்கள் என்னிடம் தலையாட்டிவிட்டு, வெளியே போய் அப்பாவுக்கு போன் போட்டுக் கேட்கிறார்கள். போன பௌர்ணமிக்கு ஒரே வண்டியை அப்பா தெருக் கோயில் கமிட்டிக்கும், சித்தப்பா ஒரு கல்யாண வீட்டுக்கும் பேசிவிட்டார்கள். திட்டு வாங்கியது நான். கடைசியில், முதல் நாள் ராத்திரி முழுக்க ஓட்டிய டிரைவரையே திருவண்ணாமலைக்கு அனுப்பினோம். திரும்பும்போது திண்டிவனம் பக்கம் கண்ணயர்ந்து மீடியனில் உரசிவிட்டார். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. இரண்டு டிரைவர்கள் ஆப் டாக்ஸி ஓட்டப் போய்விட்டார்கள். டிக்கெட் வருமானமும் தேய்ந்துவிட்டது. சித்தப்பா, சபரிமலை சீசனுக்குள் லோன் போட்டு 40 சீட் பஸ் ஒன்று எடுக்கலாம் என்கிறார். எனக்குத் தலைமைப் பண்பு போதவில்லையோ? ஏதாவது பயிற்சி வகுப்பில் சேரட்டுமா?

— பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

பதில்:

வகுப்பில் சேருவது பிறகு இருக்கட்டும். உங்கள் கடிதத்தில் இருப்பது உங்கள் குணத்தின் குறை இல்லை. உங்கள் கடையில் ஒரு டிரிப்பை ஒப்புக்கொள்ள மூன்று பேர் இருக்கிறார்கள். அப்பா பழக்கத்துக்காக ஒப்புக்கொள்கிறார், சித்தப்பா கையில் காசு வருகிறது என்று ஒப்புக்கொள்கிறார், டிரைவர் பேட்டாவுக்காக ஒப்புக்கொள்கிறார். "இந்த டிரிப் வேண்டாம்" என்று சொல்ல ஒருவர்கூட இல்லை. அந்த வேலைதான் காலியாக இருக்கிறது. முதலாளி நாற்காலியைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு முதலில் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

டிராவல்ஸ் தொழிலில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், நாம் விற்பது கிடங்கில் வைக்கிற சரக்கு இல்லை. இன்று ஓடாத வண்டியின் இன்றைய வாடகை போனது போனதுதான். அதனாலேயே எந்த டிரிப்பையும் விட மனசு வராது. ஆனால் நஷ்டம், கெட்ட பெயர், விபத்து மூன்றும் பெரும்பாலும் எடுத்திருக்கவே கூடாத டிரிப்பில்தான் வருகின்றன. நீங்கள் எழுதிய பௌர்ணமியே சாட்சி. வண்டி ஒன்றை இரண்டு பேருக்குப் பேசியதை எல்லோரும் தப்பாகப் பார்த்திருப்பார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, தூங்காத டிரைவரை அனுப்பி அந்தத் தப்பைச் சரிக்கட்டியதுதான்.

போனில் இருந்து தொடங்குவோம். உங்கள் கடையின் பெரிய சொத்து வண்டிகள்கூட இல்லை, அப்பாவின் செல் நம்பர். வண்டியின் முதுகில், காலண்டரில், கமிட்டிக்காரர்களின் டைரியில் எல்லாம் அதுதான் இருக்கும். அந்த சிம் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கும்வரை, நீங்கள் கடையில் உட்கார்ந்து என்ன சட்டம் போட்டாலும் டிரைவர்கள் அங்கேதான் போவார்கள். அந்த சிம்மைக் கடை மேசைக்குக் கொண்டுவாருங்கள். அப்பாவுக்கு வீட்டு ஆட்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு புது நம்பர் வாங்கிக் கொடுங்கள். டாக்டரே அலைச்சல் வேண்டாம் என்று சொல்லியிருப்பார், அந்தக் காரணமே போதும். யாரும் கௌரவக் குறைச்சலாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்தது ஒரே ஒரு டிரிப் நோட்டு. கம்ப்யூட்டரில் வைத்தாலும் சரி, நீள நோட்டில் வைத்தாலும் சரி. அதில் ஏறாத டிரிப்புக்கு வண்டிச் சாவி கிடையாது. அப்பா பேசியதாக இருந்தாலும், சித்தப்பா அட்வான்ஸே வாங்கியிருந்தாலும், நோட்டில் வண்டி நம்பரும் டிரைவர் பெயரும் உங்கள் கையெழுத்தில் வந்த பிறகுதான் உறுதி. முதல் மாதம் சண்டை வரும். வரட்டும். சாவி மாட்டும் ஆணியை உங்கள் மேசைக்குப் பின்னால் அடித்துவிடுங்கள், பாதிச் சண்டை குறைந்துவிடும்.

இப்போது டிரைவர் விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

தண்டையார்பேட்டையிலிருந்து திருவண்ணாமலை சுமார் 200 கிலோமீட்டர். பௌர்ணமியன்று மதியம் கிளம்புகிற வண்டி சாயங்காலம் போய்ச் சேரும். பயணிகள் 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றி முடிக்க நள்ளிரவு தாண்டிவிடும். அதுவரை டிரைவர் எங்கே? ஊருக்கு வெளியே பார்க்கிங்கில், கொசுக்கடியில், சீட்டைச் சாய்த்துக்கொண்டு கிடப்பார். நடுவில் பத்து போன் வரும்: "வண்டி எங்கேப்பா நிக்குது?" விடியற்காலை மூன்று மணிக்கு எல்லோரும் ஏறியவுடன் தூங்கிவிடுவார்கள், விழித்திருக்க வேண்டியவர் அவர் ஒருவர்தான். கணக்கில் இது "வெயிட்டிங்". கண்ணுக்கு அது தூக்கம் இல்லாத இரண்டாவது ஷிப்ட். அதற்கு முந்தைய ராத்திரியும் ஓட்டியவரைத்தான் நீங்கள் அனுப்பியிருக்கிறீர்கள்.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961லேயே இதற்கு அளவு வகுத்துவிட்டது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். தொடர்ந்து 5 மணி நேர வேலைக்கு மேல் போகும் முன் அரை மணி ஓய்வு. ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த நாள் வேலை தொடங்கும் முன் தொடர்ச்சியாக 9 மணி நேரம் ஓய்வு. அந்தச் சட்டம் இப்போது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டாலும், அந்த 9 மணி நேரத்தை உங்கள் கடை விதியாகச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். முந்தைய டிரிப் முடிந்த நேரத்தை நோட்டில் எழுதினால் அடுத்த டிரிப்புக்கு யார் தகுதி என்பது தானே தெரிந்துவிடும். ஆள் இல்லையா? தேவைப்படும் நாளுக்கு மட்டும் வந்து ஓட்டுகிற நல்ல ஆக்டிங் டிரைவர்கள் நாலைந்து பேரின் லைசென்ஸ் நகலை முன்கூட்டியே வாங்கிச் சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள். லைசென்ஸில் கோளாறு இருந்தால் விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்த பணத்தை ஓனரிடமே திரும்பக் கேட்கலாம். அந்த நேரத்தில் "தெரிந்த பையன்தான்" என்று சொல்லி ஒன்றும் ஆகாது. ஆக்டிங் ஆளும் கிடைக்கவில்லையா, அந்த டிரிப் வேண்டாம். சபரிமலைக்கு இரண்டு டிரைவர், இதில் பேரமே கிடையாது. நிலக்கல்லில் வண்டி நிற்கிற நேரத்தில் அவர்கள் படுக்க ஓர் அறை வாடகையையும் டிரிப் ரேட்டிலேயே சேர்த்துவிடுங்கள். பார்ட்டி முறைத்தால் காரணத்தைச் சொல்லுங்கள். மாலை போட்டவர்களும் வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டியவர்கள்தானே.

டிரைவர்கள் தூங்காமல் ஓட்டச் சம்மதிப்பது ஏன்? சம்பளம் குறைவு, பேட்டாவில்தான் வீடு ஓடுகிறது. டிரிப்புக்கு டிரிப் காசு என்று வைத்துவிட்டு ஓய்வெடு என்று சொன்னால் அது பட்டினி கிட என்று சொன்ன மாதிரி. மாதச் சம்பளத்தைக் கொஞ்சம் ஏற்றி, பேட்டாவின் பங்கைக் குறைத்துப் பாருங்கள். மொத்தச் செலவு நீங்கள் பயப்படும் அளவுக்குக் கூடாது. ஆப் டாக்ஸிக்குப் போன இருவரும் வெறும் காசுக்காகப் போயிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. பேட்டாவுக்காகக் கடை வாசலில் நிற்பது, டீசல் பில்லுக்கு விளக்கம் சொல்வது, சித்தப்பா எப்போது வருவார் என்று காத்திருப்பது, இதெல்லாம் நாற்பது வயது ஆளுக்கு அவமானம். டிரிப் பேட்டாவைக் கிளம்பும் முன் கையில் கொடுங்கள். ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். நடு ராத்திரி டோலில் வண்டி நின்று, டிரைவர் தன் காசைப் போடுவது உங்கள் கடையில் நடந்திருக்கும், விசாரித்துப் பாருங்கள்.

உங்களிடம் மூத்த டிரைவர் ஒருவர் இருப்பார். எல்லா டிராவல்ஸிலும் அப்படி ஒருவர் உண்டு, மற்ற பையன்கள் "அண்ணே" என்று நிற்பது அவரிடம்தான். அவரை நீங்களும் அண்ணன் என்றே கூப்பிடுங்கள், ஆனால் மரியாதையை அதோடு நிறுத்தாதீர்கள். எந்த டிரைவர் இன்று ஓட்டும் நிலையில் இல்லை என்று சொல்லி வண்டியை நிறுத்தும் அதிகாரத்தை அவருக்குக் கொடுங்கள். அவர் நிறுத்தினால் நீங்களும் மாற்றக் கூடாது, அப்பாவும் மாற்றக் கூடாது. அவர் உங்கள் பக்கம் வந்துவிட்டால் மற்றவர்கள் அப்பாவுக்கு போன் போடுவது தானாக நின்றுவிடும்.

சித்தப்பாவின் பஸ்ஸுக்கு வருகிறேன். அட்வான்ஸ் பணம்தான் இந்தத் தொழிலின் போதை. புரட்டாசி முடிந்ததும் சபரிமலை குரூப்புகள் அட்வான்ஸ் கொட்டும், கல்லா நிறைந்திருக்கும். அது நம் காசு இல்லை, இன்னும் ஓட்டாத டிரிப்பின் டீசலும் டோலும் பேட்டாவும் அதற்குள் இருக்கின்றன. பெரிய கம்பெனிகளே இதில் விழுந்திருக்கின்றன. 178 வருடம் பழைய பிரிட்டிஷ் டிராவல் நிறுவனம் தாமஸ் குக், தலைக்கு மேல் கடனோடு 2019 செப்டம்பர் 23 அன்று ஒரே நாளில் மூடியது. சுமார் ஒன்றரை லட்சம் பிரிட்டிஷ் பயணிகளை அந்த அரசாங்கம் வெளிநாடுகளிலிருந்து அழைத்து வர வேண்டியதாயிற்று. (இங்கே அதே பெயரில் இருப்பது வேறு முதலாளிகளுடைய தனிக் கம்பெனி. அதை விளக்கவே அவர்கள் அப்போது பாடுபட வேண்டியிருந்தது.) 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் விமானங்கள் நின்றபோது, முன்கூட்டியே பணம் கட்டியிருந்த நம்மூர் ஏஜெண்டுகள் கையைப் பிசைந்தார்கள்.

எனவே அட்வான்ஸுக்குத் தனி பேங்க் அக்கவுண்ட். டிரிப் முடிந்து வண்டி ஷெட்டுக்கு வந்த பிறகுதான் அந்தப் பணம் நடப்புக் கணக்குக்கு மாறட்டும். சித்தப்பாவிடம் "உங்கள் மேல் நம்பிக்கை இல்லை" என்ற தொனி வராமல் சொல்லுங்கள். ஆடிட்டர் சொன்னார் என்று சொன்னால்கூடப் பொய்யாகாது, எந்த ஆடிட்டரும் அதைத்தான் சொல்வார். மூன்று மாதம் இப்படி ஓட்டினால் கடையில் உண்மையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று முதல் தடவையாகத் தெரியும். அதைப் பார்க்காமல் 40 சீட் பஸ் எடுப்பது எனக்குச் சம்மதமில்லை. சபரிமலை சீசன் கார்த்திகை ஒன்றாம் தேதியிலிருந்து மகர விளக்கு வரை இரண்டு மாதம். டியூவோ பன்னிரண்டு மாதமும் வரும். காலாண்டு வரி, இன்சூரன்ஸ், எஃப்.சி. (தகுதிச் சான்று) எல்லாம் சீட் கணக்கில் பெரிய வண்டிக்குப் பெரிதாகவே இருக்கும். இந்த சீசனுக்கு அட்டாச் வண்டி, அதாவது வேறு ஓனரின் வண்டியை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள். லாபம் குறைவுதான். ஆனால் மாசி மாதம் வாசலில் சும்மா நிற்கிற வண்டிக்கு டியூ கட்ட வேண்டியதில்லை.

டிக்கெட் கவுண்டருக்காக ரொம்ப வருத்தப்படாதீர்கள். ரயில் டிக்கெட் 2002லேயே இணையத்துக்குப் போய்விட்டது. முன்பதிவுக் காலம் 2024 நவம்பரில் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. 2025 ஜூலையிலிருந்து தட்கல் திறந்த முதல் அரை மணி நேரம் அங்கீகாரம் பெற்ற ஏஜெண்டுகளே எடுக்க முடியாது. அதில் பழைய வருமானம் திரும்பாது. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: தனிநபர் ஐ.டி.யில் டிக்கெட் எடுத்துக் கூடுதல் காசுக்குக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். ரயில்வே சட்டம் 143ஆம் பிரிவில் அதற்கு மூன்று வருடம் வரை சிறை உண்டு. பக்கத்துக் கடையில் செய்கிறார்கள் என்பது ரயில்வே பாதுகாப்புப் படை (ஆர்.பி.எஃப்.) வரும்போது பதில் ஆகாது.

அந்த மேசையில் வேறு என்ன செய்யலாம்? உங்கள் பேட்டையைச் சுற்றியே வியாபாரம் இருக்கிறது. பௌர்ணமியன்று எல்லோரும் திருவண்ணாமலைக்கு முட்டிமோதும்போது, மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று மூவரையும் ஒரே நாளில் காலை, மதியம், மாலை தரிசிக்கும் வழக்கம் இருக்கிறதே, அதற்கு எத்தனை வண்டி விட்டிருக்கிறீர்கள்? தூரம் குறைவு, டீசல் குறைவு, டிரைவர் ராத்திரி வீட்டில் தூங்குவார். திருவண்ணாமலைக்கு ஒரு வண்டியைக் குறைத்து இதில் விடுங்கள். ஆனால் நேரத்தைத் தாராளமாகப் போடுங்கள். மீஞ்சூர்ப் பக்கம் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினால் மதிய தரிசனமே போய்விடும், நடை சாத்தும் நேரத்தை வைத்துப் பின்னாலிருந்து கணக்குப் போட வேண்டும். திருவொற்றியூர் ஆதிபுரீஸ்வரரின் கவசம் வருடத்தில் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள்தான் களையப்படுகிறது. தென்சென்னையிலிருந்து அதற்காக வருகிறவர்கள் உண்டு. அவர்களை இங்கே கூட்டிவர உங்களைவிடப் பக்கத்தில் யார்?

இன்னொன்று கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் கடைசியில் அந்தப் பேருந்து நிலையம் திறந்ததிலிருந்து, நம் பக்கத்துக் குடும்பம் நெல்லைக்கோ மதுரைக்கோ போக முதலில் 35 கிலோமீட்டருக்கு மேல் ஊருக்குள்ளேயே பயணம் செய்ய வேண்டியிருக்கிறது. மாதவரத்திலிருந்தும் பஸ் விடுகிறார்கள். இருந்தாலும் மூட்டை முடிச்சு, கைக்குழந்தை, முட்டிவலி அம்மா என்று கிளம்புகிற மூன்று குடும்பம் சேர்ந்தால் ஒரு டெம்போ டிராவலர். வாசலில் ஏற்றி வாசலில் இறக்கும் அந்த வேலையை ஆம்னி பஸ் செய்ய முடியாது. விமான நிலைய டிராப் மட்டும் இனி வளராது என்று நினைக்கிறேன், 2021இல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு பெட்டி குறைவாக இருப்பவர்கள் அதிலேயே போய்விடுகிறார்கள்.

நீங்கள் பெண் என்பதைக் குறையாக ஒரு வரியில்கூட எழுதாமல் விட்டது எனக்குப் பிடித்தது. தொழிலில் அது உங்களுக்குக் கைகொடுக்கும் இடம் ஒன்று உண்டு. கோயில் டூரில் வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அவர்கள் வண்டிக்காரரிடம் வாய்விட்டுக் கேட்காத கேள்வி கழிவறை. எந்த ஹோட்டலில், எந்தப் பெட்ரோல் பங்கில் சுத்தமாக இருக்கிறது, இரவு இரண்டு மணிக்குத் திறந்திருக்குமா என்று வழித்தடம் வாரியாக ஒரு பட்டியல் உங்கள் கையில் இருந்தால், மகளிர் குழுக்கள் ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுத்தும் உங்களிடம் வருவார்கள். சும்மா சொல்லவில்லை, ஆண்கள் நடத்தும் டிராவல்ஸில் இதை யோசிப்பவர்கள் அபூர்வம். திருப்பதி மாதிரி வெளிமாநில டிரிப்பில் பயணிகள் பெயர்ப் பட்டியல் எப்படியும் வைத்திருக்க வேண்டும். டூரிஸ்ட் பர்மிட் விதிகளே கேட்கின்றன. அதையே நம்பர்களோடு வாங்கி வைத்தால் அடுத்த டூருக்கு அழைப்பு அனுப்பும் பட்டியலும் அதுதான்.

அப்பாவைப் பற்றி. அவரை ஒதுக்கி வைக்கச் சொல்லவில்லை. பழைய கமிட்டிகள், கல்யாண மண்டபக்காரர்கள், மணலி கம்பெனிகளில் ஸ்டாஃப் டிரிப்புக்கு பில் பாஸ் செய்பவர்கள், இவர்களிடம் அவர் குரலுக்கு இருக்கும் மதிப்பு உங்களுக்கு வர வருஷங்கள் ஆகும். வாரத்தில் இரண்டு நாள், காலையில் ஒரு மணி நேரம், அவர் கடையில் உட்கார்ந்து அவர்களோடு பேசட்டும். நிலுவை வசூல்கூட அவர் கேட்டால் சீக்கிரம் வரும். புது டிரிப் பேச்சு வந்தால் "பாப்பா நோட்டைப் பார்த்துச் சொல்லும்" என்ற ஒரே பதில் போதும். பெற்றவர் வாயிலிருந்து அது நாலு தடவை வந்தால், டிரைவர்களுக்கு நீங்கள் வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

சொல்லச் சங்கடமான ஒன்றும் இருக்கிறது. ஆர்.சி.யும் பர்மிட்டும் அப்பா பெயரில்தானே இருக்கும்? பர்மிட் வைத்திருப்பவர் காலமானால், 30 நாளுக்குள் போக்குவரத்து அதிகாரிக்குத் தெரிவித்தால், வாரிசு அதே பர்மிட்டில் மூன்று மாதம் வரைதான் ஓட்டலாம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். துக்க வீட்டில் இதெல்லாம் யாருக்கு ஞாபகம் வரும்? அப்பா நலமாக இருக்கும்போதே, அவரே முன்னின்று, உங்களையும் சித்தப்பாவையும் சேர்த்து ஒரு பார்ட்னர்ஷிப் பத்திரம் போட்டு, வண்டிகளை அந்தப் பெயருக்கு மாற்றும் வேலையை ஆடிட்டரிடமும் ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் கேட்டுத் தொடங்குங்கள். லோன் பாக்கி இருக்கும் வண்டிக்கு பைனான்ஸ் கம்பெனியின் சம்மதமும் வேண்டும். சித்தப்பாவுக்கும் அவர் பங்கு எழுத்தில் வருவது நிம்மதிதான். இத்தனை வருடம் உழைத்தவர், எழுத்தில் ஒன்றுமே இல்லாததால்தான் "என் பெயரில் ஒரு பஸ்" என்று தவிக்கிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கேட்டுப் பாருங்கள், அவரிடமே.

திண்டிவனத்தில் உரசிய டிரைவரை வேலையை விட்டு நிறுத்தியிருந்தால் திரும்பக் கூப்பிடுங்கள். அனுப்பியது கடை. அவர் முன்னிலையிலேயே, மற்ற டிரைவர்களும் இருக்கும்போது, 9 மணி நேர விதியை அறிவியுங்கள்.

சிம், நோட்டு, அட்வான்ஸ் அக்கவுண்ட் மூன்றும் கார்த்திகை பிறக்கும் முன் நடக்கட்டும். மகர விளக்கு முடிந்து அட்டாச் வண்டிக்காரர்களின் கணக்கைத் தீர்த்ததும், மிஞ்சியது எவ்வளவு, மறுத்த டிரிப் எத்தனை என்று இரண்டையும் எழுதி அனுப்புங்கள். பஸ் லோனைப் பற்றி அப்போது பேசுவோம். சித்தப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே எழுதுங்கள்.